மூக்கில் இரத்தம் வடிகிறதா? கலங்காதிருங்கள், கவனமாயிருங்கள்



தை மாதத்துக் குளிர். டில்லியில் ஒற்றை அறை வீடு. விடியற்காலை 4 மணிக்கு உதட்டில் ஏதோ ஈரம் பட, விழித்துக்கொள்ளுகிறீர்கள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தலையணை உறையெல்லாம் சிவப்பு. மூக்கிலிருந்து இரத்தம் சொட்டுகிறது. வயிற்றிலோ ஆறு மாதக் குழந்தை. கணவர் இரவு வேலைக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுப்பலாமென்றால் இந்தி சரளமாக வராது. கை நடுங்க, ஊரிலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறீர்கள். அம்மா பதறிப்போய் மூன்று காரியங்களைச் சொல்லுகிறார்கள். "தலையை அண்ணாந்து வைத்துக்கொள். உச்சந்தலையில் தண்ணீர் ஊற்று. அந்தச் சத்து மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடு. அதுதான் சூட்டைக் கிளப்பிவிட்டது."

அம்மாவின் அன்பில் குறையேதுமில்லை. ஆனால் அவர்கள் சொன்ன முதல் ஆலோசனை தவறானது, இரண்டாவது பயனற்றது, மூன்றாவது ஆபத்தானது. ஊரிலிருந்தால் இப்படிப்பட்ட வேளையில் கைபிடிக்கத் தாயும் அத்தையும் இருப்பார்கள். கிராம சுகாதார செவிலியரும் வந்து பார்ப்பார். பிழைப்புக்காக நகரத்துக்கு வந்த நமக்கு அந்த ஆதரவு தூரத்தில் இருக்கிறது. ஆகையால் அந்த 15 நிமிடங்களில் என்ன செய்யவேண்டும், மறுநாள் என்ன செய்யவேண்டும், எதை ஒருபோதும் செய்யக்கூடாது என்பவற்றை நீங்களே அறிந்திருப்பது அவசியம். இம்மாதம் அதைக் குறித்தே சிந்திப்போம்.

ஏன் வடிகிறது?

நம் ஊர்ப்பக்கம் இதைச் "சில்லுமூக்கு உடைந்துவிட்டது" என்பார்கள். உடம்புச் சூடே காரணம் என்பது பலருடைய எண்ணம். உண்மையான காரணம் வேறு. கர்ப்ப காலத்தில் குழந்தைக்கும் நச்சுக்கொடிக்கும் தேவையான போஷாக்கைக் கொண்டுசெல்லுவதற்காகத் தாயின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடிவிடுகிறது. அதோடு ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் பெருகி, மூக்கின் உட்சவ்வை வீங்கச் செய்கிறது. அச்சவ்விலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் விரிந்து நிறைந்து நிற்கின்றன. சளி இல்லாமலேயே மூக்கடைப்பு இருப்பதும், பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவதும் இதே காரணத்தினால்தான்.

மூக்கின் இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில் ஐந்து இரத்தக் குழாய்களின் கிளைகள் ஒன்றுகூடுகின்றன. 'லிட்டில் பகுதி' என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த இடத்திலிருந்துதான் மூக்கில் வடியும் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு வருகிறது. விரல் நுனி எட்டும் இடம் அது. வறண்ட காற்று, பலமாக மூக்கைச் சிந்துதல், தும்மல், உலர்ந்த பொருக்கை நகத்தால் எடுத்தல் ஆகிய ஏதாவதொன்று போதும். அந்தக் குழாய் கீறிக்கொள்ளும்.

கர்ப்பவதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படி வடிவதுண்டு. பெரும்பாலும் இது தாய்க்கும் குழந்தைக்கும் தீங்கு செய்வதில்லை. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் தானாகவே நின்றுபோகும். ஒரு தேக்கரண்டி இரத்தம் துணியில் பரவினால் பெருவெள்ளம்போலத் தோன்றும். உங்கள் உடலோ நிறைமாதத்தில் வழக்கத்தைவிட 1 லிட்டருக்கும் மேலாக அதிக இரத்தத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஆதலால் தலையணை உறையைப் பார்த்துத் தைரியத்தை இழந்துவிடாதிருங்கள்.

அந்தப் பதினைந்து நிமிடங்கள்

1. எழுந்து உட்காருங்கள். படுத்திருக்க வேண்டாம். தலையைச் சற்று முன்பக்கமாகக் குனிந்துகொள்ளுங்கள். மடியில் ஒரு கிண்ணமோ பழைய துணியோ இருக்கட்டும்.

2. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கின் மெதுவான பகுதியை, அதாவது எலும்பு முடிந்து சதை தொடங்கும் இடத்திற்குக் கீழே, இரு பக்கமும் சேர்த்து இறுகப் பிடியுங்கள். மேலேயுள்ள எலும்பைப் பிடிப்பதால் பயனில்லை.

3. வாயினால் மூச்சு விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடங்கள் வரை பிடியை விடாதிருங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். இரண்டு நிமிடத்திற்கொருமுறை "நின்றுவிட்டதா?" என்று விட்டுப் பார்த்தால், கட்டத் தொடங்கிய இரத்தம் கலைந்து மீண்டும் வடியும்.

4. வாய்க்குள் வரும் இரத்தத்தை விழுங்காமல் துப்பிவிடுங்கள். குளிர்ந்த ஈரத்துணியை மூக்கின் மேற்பகுதியில் வைக்கலாம். பனிக்கட்டித் துண்டு இருந்தால் சப்பலாம்.

5. தலை சுற்றி மயக்கம் வருவதுபோல் இருந்தால் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்தபடியே இருங்கள்.

தலையை அண்ணாந்தால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். இரத்தம் நிற்பதில்லை; பார்வைக்கு மறைந்து தொண்டை வழியாய் இரைப்பைக்குள் இறங்குகிறது. குமட்டலும் வாந்தியும் உண்டாகும்; புரையேறவும் கூடும். எவ்வளவு இரத்தம் போயிற்று என்பதும் தெரியாமற் போகும். வெங்காயச் சாறு, அருகம்புல் சாறு முதலியவற்றை மூக்கில் விடுவதும் வேண்டாம். புண்ணான சவ்வு அதனால் எரிச்சலடையும். பஞ்சைத் திணித்தால் எடுக்கும்போது பொருக்கும் சேர்ந்து வந்து மறுபடியும் உடையும்.

இரத்தம் நின்றபின் ஒரு நாள் முழுவதும் மூக்கைச் சிந்தாதிருங்கள். கொதிக்கும் தேநீரும் காபியும் வேண்டாம், ஆறவைத்துக் குடியுங்கள். தண்ணீர்க் குடத்தையோ எரிவாயு உருளையையோ தூக்காதிருங்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். அன்று இரவு இரண்டு தலையணைகளை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய வேளை

சரியாகப் பிடித்தும் 20 நிமிடங்களுக்குமேல் வடிந்தால் தாமதிக்கக்கூடாது. இரத்தம் மிகுதியாய்க் கொட்டினாலும், முன்னால் நின்று தொண்டைக்குள் தொடர்ந்து இறங்கினாலும், மூச்சுத் திணறல், படபடப்பு, முகம் வெளிறுதல், மயக்கம் ஆகியவை இருந்தாலும், விழுந்து அடிபட்டபின் வடிந்தாலும் அப்பொழுதே புறப்படுங்கள். தனியாய்ப் போகாதிருங்கள். அவசர உதவிக்கு 112 என்ற எண் நாடெங்கும் உண்டு. பல மாநிலங்களில் 108, 102 ஆகிய எண்களில் ஆம்புலன்ஸ் வரும். உங்கள் பகுதியில் எது என்பதை இன்றே விசாரித்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

இன்னொரு கூட்டமான அறிகுறிகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பின் கடுமையான தலைவலி, கண் மங்குதல் அல்லது கண்முன் பொறி பறத்தல், வலது விலாவின் கீழ் வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவற்றோடு மூக்கிலும் இரத்தம் வந்தால், அது கர்ப்பகால இரத்த அழுத்த நோயாயிருக்கலாம். அந்நோய் முற்றும்போது இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்துபோவதும் உண்டு. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்குமேல் இருந்தால், அதே நாளில் மருத்துவர் பார்க்கவேண்டும். பல சகோதரிகளுக்கு அழுத்தம் கூடியிருந்தாலும் எந்த உணர்வும் தெரியாது. ஆகவே முதன்முறை மூக்கில் இரத்தம் வந்தவுடனே, நின்றுவிட்டாலும்கூட, ஓரிரு நாளுக்குள் அழுத்தத்தை அளந்து பார்ப்பது ஞானமான செயல்.

மழைக்காலத்திலும் அதற்குப் பின்வரும் மாதங்களிலும் காய்ச்சலோடு மூக்கிலோ ஈறிலோ இரத்தம் வந்தால் டெங்குவாயிருக்கலாம். கர்ப்பவதிகளுக்கு டெங்கு மிகவும் கவனிக்கவேண்டிய நோய். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதிருங்கள்.

மாத்திரையை நிறுத்தாதிருங்கள்

இப்போது அம்மாவின் மூன்றாவது ஆலோசனைக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் மற்றெல்லாம் மறந்துபோனாலும் இதை மறவாதிருங்கள். இரும்புச் சத்து மாத்திரையினால் மூக்கில் இரத்தம் வடிவதில்லை. வடிந்து இழந்த இரத்தத்தை மறுபடியும் உண்டாக்குவதற்கு வேண்டிய மூலப்பொருளே அந்த மாத்திரைதான். அடிக்கடி வடிகிறவர் அதை நிறுத்துவது, ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு குழாயையும் அடைப்பதற்கு ஒப்பாகும்.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் கர்ப்பவதிகளில் நூற்றுக்கு 52 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். கர்ப்பவதிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. சோகையுள்ள தாய்க்குப் பிரசவத்தின்போது சாதாரண அளவு இரத்தம் போனாலும் உயிருக்கே மோசமாகலாம். மூக்கில் வடிவதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தினவர், தன்னை அறியாமலே பிரசவ அறைக்குள் அந்த ஆபத்தைக் கொண்டுபோகிறார். அரசு மருத்துவமனைகளில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை நாலாம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்களுக்கு இலவசமாய்த் தருகிறார்கள்.

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகும், மலச்சிக்கலும் வரலாம். "சூடு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மலச்சிக்கலோடு முக்கினால் மூக்கின் குழாய்களில் அழுத்தம் ஏறி இரத்தம் வடியவும் கூடும். அதற்குப் பரிகாரம் மாத்திரையை விடுவதில் இல்லை. தண்ணீர், கீரை, கொய்யா, வாழைத்தண்டு, முழுப்பயறு ஆகியவற்றைக் கூட்டுங்கள். மாத்திரையை இரவு உணவுக்குச் சற்றுப் பின் சாப்பிட்டுப் பாருங்கள். எலுமிச்சம்பழச் சாறு அல்லது நெல்லிக்காயோடு சேர்த்தால் இரும்பு நன்றாய் உடலில் சேரும். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் சேராது. ஓரிரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரையும் ஊசியும் உண்டு.

வீட்டைச் சீர்படுத்துங்கள்

டில்லியின் குளிர்காலக் காற்று வறண்டது. அறையில் ஹீட்டர் போட்டால் மேலும் வறளும். கோடையில் ஏ.சி.யும் அப்படியே. அறையின் மூலையில், கால் இடறாத இடத்தில், அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். துவைத்த துணியை அறைக்குள் காயப்போடுவதும் காற்றுக்கு ஈரமூட்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டொரு சொட்டு, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை விடலாம். அதில் மருந்தேதும் இல்லை, வெறும் உப்புநீர்தான். சுண்டுவிரல் நுனியால் வாசலின் போன்ற களிம்பை மூக்கின் வாசலில் மெல்லப் பூசிக்கொள்ளலாம். எண்ணெயை மூக்கினுள் சொட்டுவிட வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கினால் கெடுதல்.

ஓர் எச்சரிப்பு. வட இந்தியாவில் குளிருக்கு 'அங்கீட்டி' என்னும் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் உண்டு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாசனையற்றது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். தாய் பிழைத்தாலும் வயிற்றிலுள்ள குழந்தைக்கு அது பெருங்கேடு. எவ்வளவு குளிரானாலும் மூடிய அறையில் கரியடுப்பு வேண்டாம். கொசுவர்த்திப் புகை, சிகரெட் புகை, மிளகாய் தாளிக்கும் நெடி ஆகியவையும் மூக்கின் சவ்வைப் புண்படுத்தும். கொசுவலை கட்டுவதே நல்லது, டெங்குவுக்கும் காவலாகும்.

உபவாச நாட்களிலும் முழு இரவுக் கூடுகைகளிலும் தண்ணீரின்றி இருப்பது உங்கள் உடலையும் மூக்கின் சவ்வையும் உலர்த்தும், மாத்திரையும் விட்டுப்போகும். இந்த மாதங்களில் அவற்றைக் குறித்து முதலில் மருத்துவரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். போதகரிடமும் தயங்காமல் உங்கள் நிலையைச் சொல்லுங்கள்.

அடிக்கடி வந்தால்

வாரத்திற்கொருமுறைக்கு மேல் வந்தால் ஒரு சிறு நோட்டில் தேதி, நேரம், எந்தத் துவாரம், எத்தனை நிமிடம் என்று எழுதிவையுங்கள். அதைப் பார்த்தவுடன் மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஒரே துவாரத்தில் எப்போதும் வந்து, அப்பக்கம் அடைப்பும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கவேண்டும். கர்ப்ப காலத்தில் மூக்கினுள் இரத்தம் நிறைந்த ஒரு சிறு சதை வளர்வதுண்டு, அது புற்றுநோயல்ல, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும். உடலில் காரணமின்றி நீலத் தழும்புகள் தோன்றினாலும், சிறுவயது முதலே இரத்தம் எளிதில் நிற்காத இயல்பு உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் எவ்வளவு என்பதை ஒரே இரத்தப் பரிசோதனையில் அறியலாம்.

சாப்பிடும் மருந்துகளையெல்லாம் காட்டுங்கள். இரத்த அழுத்த நோயைத் தடுப்பதற்காகச் சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருப்பார்கள்; சிலருக்கு ஹெப்பாரின் ஊசி. அவற்றால் இரத்தம் கூடுதலாய் வடியலாம். ஆனாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது. தலைவலிக்குக் கடையில் ஐபுபுரூஃபன் வாங்கிச் சாப்பிடவும் கூடாது. மூக்கடைப்புக்கான சொட்டு மருந்துகளில் இரத்தக் குழாயைச் சுருக்குபவை உண்டு. மருத்துவர் சொல்லாமல் அவற்றை உபயோகிக்காதிருங்கள்.

செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷித் மாத்ருத்வ அபியான் என்னும் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி, அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும், நாலாம் மாதம் முதலுள்ள கர்ப்பவதிகளுக்கு இலவசமாய்ப் பரிசோதனை செய்கிறார்கள். வேறு மாநிலத்தவர் என்று தயங்காதிருங்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்கள், இங்கே எடுத்த பரிசோதனைச் சீட்டுகளையும் தாய் சேய் அட்டையையும் அந்த நோட்டையும் ஒரே பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். டில்லியிலிருந்து இரயிலில் ஒன்றரை முதல் இரண்டு நாள் பயணம். ஏ.சி. பெட்டியின் காற்று வறண்டது. உப்புநீர்ச் சொட்டு மருந்தும் சுத்தமான துணியும் கைப்பையில் இருக்கட்டும். கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள். வழியில் மருத்துவ உதவி வேண்டுமானால் 139 என்ற இரயில்வே எண்ணுக்குப் பேசலாம்.

கணவருக்கும் அண்டை வீட்டாருக்கும்

சகோதரனே, இப்பக்கத்தை நீங்களும் வாசியுங்கள். மனைவியின் மூக்கை எங்கே, எத்தனை நிமிடம் பிடிக்கவேண்டும் என்பதை ஒருமுறை இருவரும் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். இரவு வேலைக்குப் போகுமுன் பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர்க் குடத்தை நீங்களே தூக்குங்கள்.

சகோதரியே, மொழி தெரியாதென்று மௌனமாயிராதிருங்கள். இந்த இரண்டு வாக்கியங்கள் போதும். இந்தியில்: "மேரீ நாக் ஸே கூன் ஆ ரஹா ஹை. மைம் கர்ப்வதி ஹூம்." மும்பையில் மராத்தி பேசுகிறவர்களிடம்: "நாகாதூன் ரக்த யேத ஆஹே. மீ கரோதர் ஆஹே." பெங்களூரில் கன்னடத்தில்: "மூகினிந்த ரக்த பருத்திதெ. நானு கர்ப்பிணி." மூக்கில் இரத்தம் வருகிறது, நான் கர்ப்பவதி என்பதே இவற்றின் பொருள். ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டிவையுங்கள்.

இன்று பகலில் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தலையை அண்ணாந்து வைக்கவில்லை அம்மா, குனிந்து பிடித்தேன், நின்றுவிட்டது, மாத்திரையும் சாப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். ஊரிலே பிள்ளையாண்டிருக்கும் உங்கள் தங்கைக்கும் அந்தத் தாய் அதையே சொல்லிக்கொடுப்பார்கள்.